மருந்தும் கணக்கும்

அரக்கோணம் அரசு மருத்துவமனையில் சீட்டை நீட்டி மாத்திரை பெறுகிறீர்கள். அது உங்கள் கைக்கு வர இரண்டு அறிவுகள் தேவை. எந்த மருந்து, எவ்வளவு, எதனுடன் சேரக் கூடாது என்பது மருந்தியல். எவ்வளவு வாங்குவது, காலாவதி நெருங்கியதை முதலில் எப்படி அனுப்புவது என்பது நிர்வாகவியல். 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வேலையில் மொத்தக் கொள்முதல், தரச் சோதனை, மாவட்டக் கிடங்கு என்று இரண்டும் கலந்தே இருக்கின்றன.

ஒருவரே இரண்டையும் கற்கலாமா? கற்கலாம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியலோ கணிதமோ படித்தவர், 2008-இல் இந்தியாவில் அறிமுகமான ‘ஃபார்ம். டி.’யில் சேரலாம். ஆறு ஆண்டுகள், இறுதியாண்டு மருத்துவமனைப் பயிற்சி. பிறகு எம்.பி.ஏ. இரண்டு ஆண்டுகள். எட்டு ஆண்டுகள் நீண்டவைதாம். ஆனால் கிடங்கு காலியானால், எவ்வளவு சிறந்த மருந்தானாலும் நோயாளிக்கு என்ன பயன்?