இறுவட்டு ஓடவில்லையா? 'கோடெக்' தேடிப் புறப்படுமுன்...

சில மாதங்களுக்கு முன், ஒஸ்லோவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட வசிக்கும் அண்ணை ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, தங்கச்சியின்ரை கலியாண டி.வி.டி. கொம்பியூட்டரிலை ஓடுதில்லை. படம் வருது, சத்தம் இல்லை. கோடெக் வேணுமாம். ஒரு இடத்திலை சும்மா குடுக்கிறாங்கள், இறக்கட்டே?" என்றார்.

"ஒண்டிலையும் கை வையாதேங்கோ அண்ணை, நான் வாறன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

அது 2004-ல் யாழ்ப்பாணத்தில் நடந்த திருமணம். அண்ணையால் அப்போது போக முடியவில்லை. அவருடைய அம்மா அறுகரிசி போட்டு வாழ்த்தும் காட்சி அதில் இருக்கிறது. அம்மா 2011-ல் காலமாகிவிட்டார். அவருடைய குரல் வேறு எந்தப் பதிவிலும் இல்லை. பலருடைய அலுமாரிகளிலும் இப்படியான வட்டுகள் ஒன்றிரண்டு கிடக்கும் என்பதால், அன்று பார்த்ததையும் செய்ததையும் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் கோடெக் என்றால் என்ன? 'கோடர்', 'டீகோடர்' என்ற இரண்டு சொற்களையும் ஒட்டி உருவாக்கிய பெயர். படத்தைச் சுருக்குவதும், சுருக்கியதை விரிப்பதும் இதன் வேலை. ஏன் சுருக்க வேண்டும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் நாடுகளின் பால் முறைப்படி டி.வி.டி. படம் ஒன்றில் 720 பெருக்கல் 576 புள்ளிகள். வினாடிக்கு 25 படங்கள். இதை அப்படியே எழுதினால் வினாடிக்குச் சுமார் 15 மெகாபைட் ஆகும். ஒரு சாதாரண வட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட். அதாவது ஐந்தே நிமிடத்தில் வட்டு நிரம்பிவிடும். மாப்பிள்ளை அழைப்புக்கே காணாது.

அதனால்தான் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்குகிறார்கள். ஏறத்தாழ அரை வினாடிக்கு ஒருமுறை ஒரு முழுப் படம் எழுதப்படும். இடையில் வருபவற்றில், முன்னதிலிருந்து என்ன மாறியது என்பது மட்டும் பதியப்படும். மணவறையும் குத்துவிளக்கும் அசையாமல் இருக்க, ஐயரின் கை மட்டும் அசைந்தால் அந்தக் கையைப் பற்றிய தகவல் மட்டும் போதும். வட்டில் கீறல் இருந்தால் திரையில் சதுரம் சதுரமாகச் சிதறி, பிறகு திடீரென்று தெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முழுப் படம் வந்து சேரும்வரை கணனி பழைய பிழையையே திருப்பித் திருப்பித் தீட்டிக்கொண்டிருக்கும்.

ஒலியை ஏ.சி.-3 எனப்படும் டொல்பி முறையிலோ, வேறு முறைகளிலோ தனியாகச் சுருக்கி வைத்திருப்பார்கள். ஆகவே படத்தை விரிக்கும் கோடெக் ஒன்று, ஒலியை விரிப்பது வேறொன்று. படம் வந்து சத்தம் வராவிட்டால் பெரும்பாலும் இரண்டாவது இல்லை என்று அர்த்தம். அண்ணையின் பிரச்சினை இதுதான். வட்டுக்குள் இருந்த வி.ஓ.பி. கோப்பு ஒன்றை அவர் நேரே சொடுக்கியிருக்கிறார். வி.ஓ.பி., ஏ.வி.ஐ. என்பவையெல்லாம் பெட்டியின் பெயர்கள்தான். உள்ளே என்ன கோடெக் என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. 'மீடியா இன்ஃபோ' என்ற சிறிய இலவச மென்பொருள் உள்ளே இருப்பதைப் பட்டியலிட்டுக் காட்டும்.

"முந்தி ஓடினது, இப்ப ஏன் ஓடுதில்லை?" என்று அண்ணை கேட்டார். நியாயமான கேள்வி. எம்பெக்-2 காப்புரிமைக்கு உட்பட்டிருந்தது. அமெரிக்காவில் அதன் கடைசிக் காப்புரிமை காலாவதியானது 2018-ல்தான். விண்டோஸ் எக்ஸ்.பி.யில் டி.வி.டி. விரிப்பான் கூடவே வரவில்லை, பவர் டி.வி.டி. போன்றதொன்றை நிறுவ வேண்டியிருந்தது. விண்டோஸ் 7-இன் ஹோம் பிரீமியம் பதிப்பில் அது இருந்தது. 2012-ல் வந்த விண்டோஸ் 8-இலிருந்து மீண்டும் எடுத்துவிட்டார்கள். அண்ணையின் பழைய கணனியில் ஓடியது புதியதில் ஓடாததற்குக் காரணம் வட்டு அல்ல.

இனி அந்த 'சும்மா குடுக்கும்' இடம். 2000-களின் நடுவில் 'ஸ்லொப்' என்ற தீநிரல் பரவியது. 'இந்தப் படத்தைப் பார்க்கக் கோடெக் தேவை' என்று சொல்லித்தான் அது கணனிக்குள் புகுந்தது. இருபது வருடங்களுக்குப் பிறகும் அதே தூண்டிலில் ஆட்கள் அகப்படுகிறார்கள். தானாக முன்வந்து கோடெக் தரும் பக்கத்தை மூடிவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது கோடெக்குகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் ஓர் இயக்கி. பாரிஸில் மாணவர்கள் தொடங்கி, 2001-ல் திறமூலமாக வெளியிட்ட வி.எல்.சி. இதற்குப் போதும். அதையும் வீடியோலான் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடுபொறி விளம்பரமாகக் காட்டும் இடங்களிலிருந்து வேண்டாம்.

வி.எல்.சி.யில் 'ஓப்பன் டிஸ்க்' என்பதைத் தெரிந்தோம். சத்தம் வந்தது. ஆனால் முகப்பில் ரோஜாப்பூக்கள் சுழலும் பட்டியலில் அப்படியே நின்றுவிட்டது. (ஸ்டூடியோக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் ரோஜாப்பூவில் என்ன மோகமோ தெரியாது.) அதற்கும் வழி இருக்கிறது. அதே இடத்தில் 'நோ டிஸ்க் மெனுஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைத் தெரிந்தால் நேரே படத்துக்குப் போய்விடும்.

கடையில் வாங்கும் திரைப்பட வட்டுகளில் இன்னும் இரண்டு தடைகள் இருக்கக்கூடும். ஒன்று பிராந்திய எண். நோர்வே 2, இலங்கையும் இந்தியாவும் 5, கனடா 1, அவுஸ்திரேலியா 4. கணனியின் வட்டு இயக்கியில் இந்த எண்ணை ஐந்து முறைதான் மாற்றலாம், பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். மற்றது சி.எஸ்.எஸ். என்ற மறைகுறியாக்கம். 1999-ல் அதை உடைக்கும் நிரல் வெளியானபோது அதில் பங்கெடுத்தவர் யோன் லெக் யோஹான்சன் என்ற 15 வயது நோர்வேப் பையன். தான் வாங்கிய வட்டைத் தன் கணனியில் பார்ப்பது குற்றமல்ல என்று 2003-ல் ஒஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது, மேன்முறையீட்டிலும் அதே தீர்ப்புத்தான். நல்லவேளையாகக் கலியாண வட்டுகளில் வழக்கமாக இந்த இரண்டு தடைகளும் இருப்பதில்லை.

எங்களுடைய வட்டு நாற்பதாவது நிமிடத்தில் சதுரங்களாகச் சிதறி நின்றது. இது கோடெக்கின் குற்றமல்ல, வாசிப்பதில் கோளாறு. மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. தரவு சுருளாகச் செல்வதால், சுற்றுவாட்டில் விழும் கீறல் ஒரு நீண்ட பகுதியையே தொடர்ச்சியாக அழித்துவிடும். குறுக்காக விழுவதை வட்டின் பிழைதிருத்த முறை ஓரளவு சமாளிக்கும். மணமக்கள் படம் போட்ட ஒட்டுத்தாள் வட்டின் சமநிலையைக் குலைக்கும். ஆனால் அதை உரிக்கப் போனால் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு தட்டுகளுக்கும் சேதம் வரலாம். விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுப் பதிவுக் கருவிகளில் எடுத்து, முடிவாக்கம் செய்யாமல் விட்ட வட்டுகள் கணனியில் வெற்று வட்டாகத் தோன்றலாம். 'இந்த வட்டை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள்?' என்று கணனி கேட்கும்போது ஒன்றையும் அழுத்தாமல் வெளியே எடுங்கள். பதிந்த கருவி இன்னும் இருந்தால் அதிலேயே 'ஃபைனலைஸ்' செய்யலாம். அழுத்திவிட்டால் உள்ளே இருப்பது போய்விடக்கூடும்.

ஓர் இயக்கி வாசிக்காததை இன்னொன்று வாசிப்பதுண்டு. என்னுடைய பழைய மேசைக் கணனியின் இயக்கியில் வட்டைப் போட்டு, 'வீடியோ டி.எஸ்.' என்ற உறையை முழுதாக வன்தட்டுக்குப் படியெடுக்கப் பார்த்தேன். மூன்றாவது கோப்பில் நின்றது. பிறகு லினக்ஸில் இயங்கும் 'டி.டி.ரெஸ்கியூ' என்ற நிரலை இரவு முழுவதும் ஓட விட்டேன். வாசிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போய், பின்னர் திரும்பி வந்து மீண்டும் மீண்டும் முயல்வது அதன் வழக்கம். காலையில் பார்த்தால் தாலிகட்டில் ஆறேழு வினாடிகள் மட்டும் இல்லை. அறுகரிசிக் காட்சியில் இரண்டு இடத்தில் சதுரங்கள் விழுந்தாலும் அம்மாவின் குரல் அறுபடவில்லை.

இரண்டு பிரதிகள் எடுத்தோம். ஒன்று அண்ணையிடம் இருக்கிறது. மற்றதைத் தங்கச்சிக்கு அனுப்பினார். அவவிடம் இருந்த வட்டு பல இடப்பெயர்வுகளில் எப்போதோ தொலைந்துபோயிருந்தது.