முதுமையும் கல்லீரலும்

மனித உள்ளுறுப்புகளுள், ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மீண்டும் வளரும் வல்லமை வாய்ந்தது கல்லீரல். பேரச்சம் வந்துற்றபோது 'ஈரக்குலை நடுங்குகிறது' என்பர் நம் தாய்மார். உருது மொழியினரோ பெற்ற பிள்ளையை 'லக்தே ஜிகர்', அதாவது ஈரலின் துண்டு எனக் கொஞ்சுவர். 1998 நவம்பரில் இக்கொஞ்சுமொழி மெய்யே ஆயிற்று. பித்தநாளக் குறையுடன் பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குத் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியைத் தில்லி அப்பல்லோ மருத்துவமனையில் பொருத்தினர். இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றி கண்ட முதல் கல்லீரல் மாற்று அறுவை அதுவாகும். அக்குழந்தை வளர்ந்து இன்று மருத்துவர்.

அதே ஆண்டில்தான் அம்மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலைகளே நிறைந்துள்ளன. இரவுப் பணி முடித்துக் கனரக ஊர்திகளின் இடையே இருசக்கர வண்டியில் வீடு திரும்பும் இளைஞர் பலர். சாலை விபத்தில் மூளைச்சாவு அடையும் இளைஞரே உறுப்புக் கொடையாளர் என்னும் எண்ணமும் நம்மிடையே வேரூன்றியுள்ளது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து 15 வயது மாணவன் விபத்தில் மூளைச்சாவு அடைய, மருத்துவர்களான பெற்றோர் அவனுடைய உறுப்புகளை வழங்கினர். தமிழகமே கண்கலங்கிய அந்நிகழ்வு அவ்வெண்ணத்தை மேலும் வலுப்படுத்தியது.

ஆயினும், இளைஞர் சாவை எதிர்நோக்கியே நோயாளர் காத்திருக்க வேண்டுமா? பக்கவாதத்தால் மூளைச்சாவு அடையும் முதியோரும் உளர். 'எழுபது வயதுக் கிழவரின் ஈரல் யாருக்குப் பயன்படும்?' என வீட்டாரே ஒதுக்கிவிடுகின்றனர். இவ்வையம் அறிவியலுக்கு ஒவ்வாதது.

முதுமையில் தமனிகள் தடிப்பதால் இதயமும் சிறுநீரகமும் நலிவுறும். கல்லீரலுக்கோ குருதி இருவழியாக வருகிறது. அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் சிரை வழியாகவே வருவதால் தமனித் தடிப்பின் தாக்கம் குறைவு. தேவைக்கு மிஞ்சிய ஆற்றலும் அதற்கு உண்டு. ஆகவே ஆளின் வயது வேறு, ஈரலின் வயது வேறு எனலாம். 2024-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் காலமான 98 வயது முதியவரின் ஈரல் 72 வயதுப் பெண்மணி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அந்நாட்டில் 1990 முதல் 2022 வரை பொருத்தப்பட்ட இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஈரல்களை ஆராய்ந்தபோது, கொடையாளரிடமும் பெற்றவரிடமுமாக நூறாண்டைக் கடந்து உழைத்தவை 25 எனத் தெரியவந்தது. அந்த 25 ஈரல்களையும் ஈந்த கொடையாளரின் சராசரி வயது 84-க்கும் மேல் என்பது நினைக்கத்தக்கது.

இதனால் எல்லா முதியோர் ஈரலும் ஏற்புடையது என்பதன்று. கொழுப்பு மிகப் படிந்த ஈரலை மருத்துவர் தவிர்ப்பர். நீரிழிவு நெடுநாள் இருந்ததா என வினவுவர். குளிரில் வைத்திருக்கும் நேரத்தை இளம் ஈரல் ஓரளவு தாங்கும், முதிய ஈரல் அவ்வளவு தாங்காது. எனவே எடுத்த இடத்திற்கும் பொருத்தும் இடத்திற்கும் தொலைவு குறைய வேண்டும். இவ்வகையில், சென்னைக்கு 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பெரும்புதூர் வட்டாரம் பேறு பெற்றதே. முன்னர், ஹெபடைட்டிஸ் சி நோயாளருக்கு முதிய ஈரலைப் பொருத்தினால் அது விரைவில் சுருங்கிக் கெட்டது. கடந்த பத்தாண்டுகளில் வந்த புதிய மருந்துகள் அவ்வச்சத்தைப் பெரிதும் நீக்கிவிட்டன. உயிருடன் இருப்போர் ஒரு பகுதியை அளிக்கும் முறையில் மட்டும் வயது வரம்பு கடுமையானது. முதியவருக்கு எஞ்சிய ஈரல் மெல்லவே வளரும் ஆதலின் அது முறையே.

நம் சமுதாயப் பெரியோர் எழுப்பும் மார்க்க வினா ஒன்றுண்டு. 1988-இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமியச் சட்டக் கழகம் நிபந்தனைகளுடன் உறுப்புக் கொடையை அனுமதித்தது. இந்திய உலமாக்களிடையே மாற்றுக் கருத்தும் உண்டு. இதனை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிதல் நன்று.

1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூளைச்சாவை மருத்துவக் குழு குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதிசெய்ய வேண்டும். அதன் பின்னரே வீட்டாரிடம் கேட்பர். முதியவர் முன்னரே அட்டையில் கையொப்பமிட்டிருந்தாலும் நடைமுறையில் வீட்டாரின் இசைவின்றி மருத்துவர் கைவைப்பதில்லை. ஆதலால் விருப்பமுடைய பெரியவர், அதனைத் தம் மக்களிடம் வாய்விட்டுச் சொல்லி வைப்பது நலம்.