கஞ்சா வளர்ப்பில் கிரிப்டோ முதலீடு: உரிமம் யாருக்கு, பொறுப்பு யாருடையது?

ஐரோப்பாவின் சில நாடுகளில் மருத்துவப் பயன்பாட்டுக்காகக் கஞ்சா பயிரிடுவது இன்று சட்டத்துக்கு உட்பட்ட தொழில். ஜெர்மனியில் 2017 முதல் மருத்துவரின் பரிந்துரைச் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அதை வாங்க முடிகிறது. போர்ச்சுகலில் உரிமம் பெற்ற பண்ணைகள் வளர்த்து ஏற்றுமதி செய்கின்றன. ஆனால் செடியை வளர்ப்பதற்கான உரிமம் வேறு, பொதுமக்களிடம் முதலீடு திரட்டுவதற்கான அனுமதி வேறு. முன்னதை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தருகிறது, பின்னதை நிதிக் கண்காணிப்பு அமைப்பு தருகிறது. ஒன்று இருப்பதால் மற்றொன்றும் இருப்பதாக ஆகாது என்பது உணரப்படாததே இத்துறையில் பெருந்தொகைகள் பறிபோனதற்கு முக்கியமான காரணம்.

2020-இன் தொடக்கத்திலிருந்து 2022 ஜூலை வரை இயங்கிய ஜூசிஃபீல்ட்ஸ் என்னும் நிறுவனத்தின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. குறைந்தது 50 யூரோ செலுத்தி ஒரு கஞ்சாச் செடியை வாங்கினால், உரிமம் பெற்ற பண்ணையாளர்கள் அதை வளர்த்து அறுவடை செய்து விற்பார்கள் என்றும், செடிக்கு உரியவர் ஆண்டுக்கு 100 விழுக்காடோ அதற்கு மேலோ ஆதாயம் பெறலாம் என்றும் அது விளம்பரம் செய்தது. பணத்தை வங்கி வழியாகவும் செலுத்தலாம், கிரிப்டோ நாணயமாகவும் செலுத்தலாம். கிரிப்டோ நாணயம் என்பது எந்த அரசும் வெளியிடாத, கணினி வலையமைப்பின் பேரேட்டில் பதிவாகிக் கைமாறும் மின்நாணயம். அலுவலகங்கள் இருந்தன, ஊழியர்கள் இருந்தனர், கஞ்சாத் தொழில் நிகழ்ச்சிகளில் நிறுவனத்தின் பெயர் பளிச்சிட்டது. முதலில் சேர்ந்தவர்களுக்குச் சொன்னபடி பணமும் வந்தது. பின்னால் வருவோரின் பணத்தையே முன்னால் வந்தோருக்கு லாபமாகப் பங்கிடும் இம்முறைக்குப் பொன்சி மோசடி என்று பெயர். முதல் 50 யூரோ ஆதாயத்தோடு திரும்பக் கண்டவர் அடுத்த முறை பெருந்தொகையைப் போடத் துணிவார் என்பதே அந்தச் சிறிய நுழைவுத்தொகையின் உட்பொருள்.

முதலீட்டின் விவரங்களை வாங்குவோருக்குச் சொல்லும் விவர ஏடு இல்லாமல் விற்றதால் ஜெர்மனியின் நிதிக் கண்காணிப்பு ஆணையமான பாஃபின் 2022 ஜூனில் அந்நிறுவனத்தின் விற்பனையைத் தடை செய்தது. அடுத்த மாதமே கணக்குகளுக்குள் நுழையும் வழி அடைக்கப்பட்டு, பணத்தை எடுக்க முடியாமற்போனது. ஏறத்தாழ 1,86,000 பேர் பணம் செலுத்தியதாகவும், செலுத்தப்பட்ட தொகை 645 மில்லியன் யூரோ வரை இருக்கும் என்றும் 2024 ஏப்ரலில் ஐரோப்பியக் காவல் அமைப்பான ஐரோப்போல் அறிவித்தது. அப்போது 11 நாடுகளில் தேடுதல் நடத்தப்பட்டு, 9 கைது ஆணைகள் நிறைவேற்றப்பட்டன. வங்கி இருப்பு, கிரிப்டோ, ரொக்கம், வீடு நிலம் என முடக்கப்பட்டவை அனைத்தையும் கூட்டினாலும் 9 மில்லியன் யூரோவை எட்டவில்லை. குற்றவாளி பிடிபடுவதற்கும் பணம் திரும்புவதற்கும் இடையிலுள்ள தொலைவு இந்த இரு எண்களுக்கிடையே தெரிகிறது.

வாங்குவது ஒரு செடியைத்தானே, பங்குப் பத்திரத்தை அல்லவே என்ற வாதம் இத்தகைய விற்பனைகளில் வழக்கமாக எழுவது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு 1946-இலேயே விடை கூறிவிட்டது. ஃபுளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று, சாகுபடியைத் தானே ஏற்று நடத்திய ஹோவி நிறுவனத்தின் வழக்கில், பிறர் உழைப்பால் லாபம் வரும் என்று நம்பிப் பொது முயற்சியொன்றில் பணம் போடுவது எந்தப் பெயரில் நடந்தாலும் அது முதலீட்டு ஒப்பந்தமே என்று தீர்ப்பானது. கஞ்சாத் தொழிலுக்கென டோக்கன், அதாவது பேரேட்டில் பதியப்படும் மின்வில்லை, வெளியிட்டு 2017-இல் சுமார் 12 மில்லியன் டாலர் மதிப்பில் நிதி திரட்டிய பாரகான் காயின் நிறுவனத்தின் மீதும் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் 2018 நவம்பரில் இந்த அடிப்படையிலேயே நடவடிக்கை எடுத்தது. 2,50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கேட்போருக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிடப்பட்டது. ஆயினும் அடுத்த ஆண்டே நிறுவனம் திவால் மனு போட்டுவிட்டது.

கஞ்சாத் தொழிலை வங்கிகள் ஒதுக்குகின்றன, ஆகவே கிரிப்டோவில் அனுப்புங்கள் என்னும் கோரிக்கை பாதி உண்மை என்பதாலேயே ஆபத்தானது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் அனுமதித்த பின்னும் கூட்டரசுச் சட்டம் தடுத்துவந்ததால் வங்கிகள் தயங்குவது உண்மையே. ஆனால் வங்கிப் பரிமாற்றத்தை உடனே முறையிட்டால் சில வேளைகளில் நிறுத்தவாவது வழி உண்டு; பேரேட்டில் பதிவாகிவிட்ட கிரிப்டோ பரிமாற்றத்தைத் திரும்ப அழைக்க எவராலும் இயலாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 30 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துள்ள, கிரிப்டோ சொத்துகளுக்கான மைக்கா ஒழுங்குமுறை சில உரிமைகளைத் தருகிறது. சந்தையில் இன்னும் பட்டியலிடப்படாத டோக்கனை வெளியிடுபவரிடமிருந்து நேரடியாக வாங்கும் சாதாரண முதலீட்டாளர், காரணம் எதுவும் சொல்லாமல் 14 நாட்களுக்குள் விலகிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளியீட்டோடு வரும், டோக்கனை விளக்கும் வெள்ளை அறிக்கையில் தவறான தகவல் இருந்தால் இழப்பீடும் கோரலாம். ஆயினும் அந்த அறிக்கைக்கு எந்த அரசு அமைப்பும் ஒப்புதல் தருவதில்லை, அதன் முதற்பக்கமே அவ்வாறு கூற வேண்டும் என்பது விதி. பாஃபின் ஒப்புதல் தரும் விவர ஏட்டிலும், தேவையான தகவல்கள் முழுமையாகவும் முரணின்றியும் உள்ளனவா என்றே பார்க்கப்படுகிறது. தொழில் லாபம் தருமா என்று சோதிக்கப்படுவதில்லை.

பணம் போய்விட்டதென்று ஐயம் எழுந்தவுடன் செய்யத்தக்கது, தளம் மறைவதற்குள் ஒப்பந்தம், கணக்குப் பக்கம், உரையாடல்கள் ஆகியவற்றைப் படமெடுத்து வைப்பதும், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உரிய அடையாளக் குறியீட்டையும் பெறுநரின் வாலட், அதாவது மின்பணப்பை, முகவரியையும் எழுதிக்கொள்வதும் ஆகும். இவற்றோடு உடனே காவல்துறையில் புகார் தந்தால், பணம் அடையாளச் சரிபார்ப்புள்ள கிரிப்டோ பரிவர்த்தனை நிறுவனம் எதையாவது சென்றடைந்திருக்குமானால், அங்கே அதை முடக்கச் சொல்லும் வாய்ப்பு உண்டு. ஆனால் ஜெர்மனியில் காவல் புகார் மட்டும் உரிமையியல் கோரிக்கையின் காலவரம்பை நிறுத்தாது. மோசடியும் அதற்குப் பொறுப்பானவரும் தெரியவந்த ஆண்டின் முடிவிலிருந்து 3 ஆண்டுகளே பொதுவாக அவகாசம் என்பதால், வழக்கறிஞரின் ஆலோசனை தள்ளிப்போடத்தக்கதன்று.

இழந்தவர்களைத் தேடி இரண்டாவது கூட்டமொன்றும் வருவதுண்டு. அரசு அலுவலரென்றோ மீட்பு வல்லுநரென்றோ தொலைபேசியில் அறிமுகமாகும் அவர்கள், இழந்த தொகையைச் சரியாகச் சொல்லி, அது கண்டெடுக்கப்பட்டுவிட்டதாகவும், வரியாகவோ கட்டணமாகவோ சிறுதொகையை முதலில் கிரிப்டோவில் அனுப்பினால் விடுவிக்கப்படும் என்றும் கூறுவார்கள். முன்பணம் கேட்டு எந்தக் காவல்துறையும், எந்தக் கண்காணிப்பு ஆணையமும் முதலீட்டாளரை அழைப்பதில்லை. அத்தகைய அழைப்பு வந்த எண்ணையும் நேரத்தையும் குறித்து, முன்பு தந்த புகாரோடு சேர்க்கச் சொல்லிக் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.