பச்சிலையும் மண்ணும்

பல கண் வைத்துச் சீழ்கோக்கும் பெருங்கட்டிதான் ராஜபிளவை. நீரிழிவுக்காரர்களை அதிகம் வாட்டுவது. அரியலூர் ஜமீனை ஆண்ட அரங்கப்ப மழவராயருக்கு அது கண்டபோது, ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் (1680–1747) பச்சிலையும் மண்ணும் வைத்துக் கட்டி ஆற்றினார் என்று ஊர் வழிவழியாகச் சொல்கிறது. இத்தாலியில் பிறந்து, இங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, ‘தேம்பாவணி’ பாடியவர் அவர். தமிழோடு தமிழ் வைத்தியத்தையும் கற்றது எவ்வளவு பெரிய மனது!

ஏலாக்குறிச்சியை ஒட்டிய கொள்ளிடக் கரை ஊர்களில் பச்சிலை பறிப்பவர்களுக்கு வேலியோரமே மருந்துக் கடை. நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து வேது பிடித்தால் மூக்கடைப்பு இளகும். சொறி சிரங்குக்குக் குப்பைமேனியை உப்போடு அரைத்துப் பூசுவார்கள். நொச்சியில் கிளையை ஒடிக்காமல் தழையை மட்டும் உருவினால் மறுபடி துளிர்க்கும்.

எருக்கைத் தொட வேண்டாம். அதன் பால் கண்ணைக் கெடுக்கும்.