மண்ணும் வேலையும் – 9: ஏரிக்கரையும் சவுக்குத் தோப்பும்

ஐப்பசியும் கார்த்திகையும் தமிழ் மரபில் கூதிர்ப் பருவம். குளிர்நாடுகளில் இதே மாதங்களில் காடு மஞ்சளாகிச் சிவந்து உதிர்கிறது. சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் நடப்பது நேர்மாறு. ஆவணி வரை காய்ந்து கிடந்த தரை இந்த மாதங்களில்தான் பச்சை பிடிக்கிறது. ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவது. அந்த மழையில் உழவருக்கு வேலை குவியும். மரம்வெட்டிகளுக்கோ வேலை அற்றுப்போகும் காலமும் அதுதான்.

இந்தச் சமவெளி கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. பாலாறும் தெற்கே ஒதுங்கிப் போகிறது. அதனால் சரிவின் குறுக்கே கரை போட்டு மழையை நிறுத்துவது ஒன்றே வழியாக இருந்தது. பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் மட்டும் 909 ஏரிகள் இருந்தன. ஓர் ஏரி நிரம்பி வழிந்தால், அதாவது கோடி போனால், அந்த நீர் அடுத்த ஏரிக்கு வரத்து. பாலாற்றிலிருந்து வரும் கம்பன் கால்வாய் வழியில் பல ஏரிகளை நிரப்பிவிட்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரியை எட்டுகிறது. இந்தச் சங்கிலியின் கீழ்க்கோடியில் செம்பரம்பாக்கம்: 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு.

கார்த்திகையில் கரைமேல் நின்றால் ஒரு பக்கம் தளும்பும் தண்ணீர், மறுபக்கம் இளம்பயிர், இடையே வரிசையாகப் பனை. பார்ப்பதற்கு இயற்கை மாதிரி இருக்கும். ஆனால் இதில் ஒவ்வொன்றும் ஆள் வைத்துச் செய்தது. கரை கொட்டிய மண், மண் பிடிப்பதற்காக வைத்த பனை, மிகை நீர் வழிய அளவு பார்த்துக் கட்டிய கலங்கல். இதைப் பராமரிக்க ஊர்ச்சபையில் தனிக் குழுவே இருந்தது என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சான்று. முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் பேசப்படுகிறது. குடவோலைத் தேர்தல் முறைக்காக அவற்றைப் புகழ்கிறவர்கள் இந்த வாரியத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. பிற்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் தாமஸ் பர்னார்ட் 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுச் சீமையை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பாழடைந்த ஏரிகளைப் பழுது பார்த்தார். வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சுட விடாமல் காக்கும் உரிமையை 1798இல் ஊராருக்கு ஒப்புக்கொண்டவரும் அவரே. அந்த ஊரார் பறவைகளைக் காத்ததில் பாசனக் கணக்கும் உண்டு. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம்.

இப்பகுதியில் போகம் மூன்று: சித்திரை வாக்கில் தொடங்கும் சொர்ணவாரி, ஆவணியில் தொடங்கும் சம்பா, மார்கழி, தையில் பிடிக்கும் நவரை. கூதிரில் வயலில் நிற்பது சம்பா. நாற்றங்காலில் பறித்த நாற்றை முடி முடியாகக் கட்டிச் சேற்றில் வீசுவார்கள். பெண்கள் வரிசை கட்டிப் பின்வாங்கியபடியே நட்டுப் போவார்கள். பயிர் தூர் கட்டும்போது களையெடுப்பு. மழை பிடித்துக்கொண்டாலும் வேலை நிற்காது. காலி யூரியா சாக்கின் ஒரு மூலையை மறுமூலைக்குள் செருகி முக்காடாகப் போட்டுக்கொண்டால் தலையும் முதுகும் நனையாது. கை இரண்டும் வேலைக்கு ஒழியும். கணுக்கால் மட்டும் மணிக்கணக்கில் சேற்றில் ஊறும். சேற்றுப்புண் இந்தப் பருவத்துக்கே உரிய நோய்.

தண்ணீர் பங்கிடுவது நீர்க்கட்டியின் வேலை. பழைய ஏரிகளில் கரையை ஒட்டி நீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் குறுக்குக் கற்களில் உள்ள துளைகள் வழியாக ஒரு நீளக்கழி இறங்கும். கழியின் அடியிலுள்ள அடைப்பு, கரைக்கு அடியில் நீர் போகும் தூம்பின் வாயில் பொருந்தியிருக்கும். கழியை எவ்வளவு தூக்குகிறார்களோ அவ்வளவு நீர் வெளியேறும். அடைப்பு சிக்கிக்கொண்டால் மூழ்கித்தான் எடுக்க வேண்டும். இரவில் மழை கொட்டும்போது கலங்கலைப் பார்ப்பது, கரையில் நண்டு வளை, எலி வளை வழியாகக் கசிவு இருக்கிறதா என்று நடந்து பார்ப்பது, மடையிலிருந்து கடைசி வயல் வரை முறை வைத்துப் பாய்ச்சுவது எல்லாம் அவர் தலையில். கூலி களத்துமேட்டில் அளக்கப்படும் நெல். மேரை என்பது அதற்குப் பெயர். நீர்க்கட்டிகளில் பெரும்பாலோர் தலித்துகள். ஊரின் முழு நீரும் அவர்கள் கையில் இருந்தது, அது பாயும் நிலம் அவர்கள் பெயரில் இல்லை.

அந்த நிலை அரசுக் காகிதத்தில் அழுத்தமாகப் பதிவானது 1891இல். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை குறித்து அறிக்கை எழுதினார். நிலத்தில் உழைப்பவருக்கு வீட்டுமனைகூடச் சொந்தமில்லை, வேலையை விட்டால் குடிசையையும் விட வேண்டும் என்பது அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த ஆணையின்படி ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். அவற்றில் பெரும்பகுதி பின்னர் கைமாறிப்போனது தனிக்கதை. இங்கே அதற்கு இடமில்லை.

நூறாண்டு கழித்து இதே வட்டாரத்துக்கு வாகன ஆலைகள் வந்தன. ஹூண்டாயின் முதல் கார் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இலும் டைம்லர் ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. ஆலைகளுக்கான இடத்தை மேட்டு நிலமாகப் பார்த்துத்தான் அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் எடுத்தது என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் ஏரிச் சங்கிலியில் மேட்டு நிலம் என்பது கீழே உள்ள ஏரியின் வரத்துப் பரப்பு. அதில் கான்கிரீட் போட்டால் மண்ணில் இறங்க வேண்டிய மழை வேகமாக வழிந்து ஓடும். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்தில் 24 மணி நேரத்தில் 47 சென்டிமீட்டர் அளவில் மழை கொட்டியது. ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் நொடிக்கு 29,000 கன அடியை எட்டி அடையாற்றில் பாய்ந்தது. சென்னையை மூழ்கடித்த அந்த வெள்ளத்துக்கு வரத்துப் பரப்பில் போட்ட கான்கிரீட்டை மட்டும் பழிக்க முடியாது. ஆற்றோரத்தில் வீடு கட்டியதும் திறப்பு முடிவுகளும் சேர்ந்தே அதில் இருந்தன.

ஆலைகள் வந்ததன் இன்னொரு விளைவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விலை ஏறும் என்று வாங்கிப் போட்ட நஞ்சை உழப்படாமல் கிடக்கிறது. அப்படிக் கிடக்கும் இடத்தில் முதலில் நுழைவது சீமைக்கருவேலம். 1870களில் விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கவென்று சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட மரம் அது. ஏரியின் நீர் நிற்கும் உள்வாயிலும் கம்பெனி மதிலோரத்திலும் இன்று புதராக நிற்கிறது.

இப்பகுதியில் மரம் வெட்டும் தொழிலுக்கு இரண்டு களங்கள் உண்டு. சவுக்குத் தோப்பு ஒன்று. சென்னை ராயபுரத்திலிருந்து 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடத் தொடங்கிய பின் எஞ்சினுக்கும் நகரத்து அடுப்புக்கும் விறகு தேவைப்பட்டது. கடலோர மணலில் சவுக்கு பரவியது. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் சத்தில்லாத மணலிலும் அது வளரும். தோப்புக்குள் வெளிச்சம் சல்லடையாக விழும், காற்று ஓயாமல் இரையும், தரையில் ஊசியிலை மெத்தையாகக் கிடக்கும். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் வெட்டு. நேரான நடுமரம் சாரக்கம்புக்கும் பந்தல்காலுக்கும் போகும். பருத்த அடிமரத்தின் பட்டையை உரித்துக் காகித ஆலைக்கு ஏற்றுவார்கள். நுனி விறகு, மிளாறு சூளைக்கு. வேர்க்கட்டையைக்கூடத் தோண்டி விற்பதுண்டு. கூலி பெரும்பாலும் டன் கணக்கு. ஈரத்தில் லாரி தோப்புக்குள் இறங்காது என்பதால் மழை மாதங்களில் வெட்டு குறைந்து, கன்று நடவு நடக்கும்.

இன்னொரு களம் சீமைக்கருவேலப் புதர். அங்கே அழகு என்று சொல்ல எதுவும் இல்லை. கவைக்கோலால் கிளையை இழுத்துப் பிடித்துக் கத்தியால் கழிக்க வேண்டும், பிறகு தூரைக் கோடாரியால் வெட்ட வேண்டும். முள் செருப்பைத் துளைத்து ஏறும். உள்ளே முறிந்தால் சீழ் வைக்கும். இந்த வேலையில் அதிகம் இருப்பவர்கள் இருளர்கள். காட்டுக்குள் போய்த் தேனும் கிழங்கும் மூலிகையும் எடுத்த இந்தப் பழங்குடியினர், காட்டு உரிமை சுருங்கியபின் விறகுவெட்டுக்கும் அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் வந்தார்கள். சூளை பற்றி இத்தொடரில் தனியாக வரும்.

ஐப்பசியில் ஏரி நிரம்பினால் உள்வாய்க் கருவேலம் தண்ணீருக்குள் போய்விடும். வெட்டி வைத்த விறகும் ஈரமாகிவிடும். சூளைகளும் மழைக்கு மூடியிருக்கும். நடவும் களையும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. இந்த இடைவெளியில் கைநீட்டி வாங்குவது முன்பணம். மழை விட்டதும் குடும்பத்தோடு போய் அதை வேலையாகக் கழிக்க வேண்டும். கணக்கு முதலாளியின் நோட்டில் இருக்கும், எத்தனை டன் வெட்டினாலும் அசல் குறையாது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடனையே செல்லாது என்கிறது. இருந்தும் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம்வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 பேரை வருவாய்த் துறை அதிகாரிகள் மீட்டார்கள். அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கும்பிடும் படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது.

மீட்கப்பட்டவருக்கு விடுவிப்புச் சான்றிதழ் தரப்படும். அது கடன் ரத்தானதற்கான ஆவணம். 2016ஆம் ஆண்டு மத்திய அரசுத் திட்டப்படி ஆண் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய், பெண்களுக்கும் சிறாருக்கும் 2 லட்சம் ரூபாய் மறுவாழ்வுத் தொகை உண்டு. உடனடி உதவியாக அதில் கைக்கு வந்தது 20,000 ரூபாய். இத்தொகை பின்னர் 30,000 ஆக்கப்பட்டது. மீதித் தொகை வழக்கில் குற்றம் நிரூபணமாவதோடு முடிச்சிடப்பட்டிருந்தது. வழக்கு முடிவதற்குள் அடுத்த ஐப்பசி வந்துவிடும்.