மேற்கோள் எண்ணிக்கையும் ஆய்வாளர் மதிப்பும்

ஆய்வு நூலின் இறுதியில் இடம்பெறும் துணைநூற்பட்டியலைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. நூலாசிரியர் தாம் எவரெவரிடம் கடன்பட்டார் என்பதை நேர்மையுடன் பதிவுசெய்யும் இடம் அதுவேயாகும். இவ்வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. உரையாசிரியர்கள் முன்னோர் செய்யுட்களை எடுத்துக்காட்டிச் சென்றதனாலன்றோ, முழுமையாகக் கிடைக்காத தகடூர் யாத்திரையின் சில பாடல்களேனும் நமக்கு எஞ்சின! இவ்வாறு ஒருவர் மற்றொருவரைச் சுட்டுவதை எண்ணிக் கணக்கிட்டு, அக்கணக்கினைக் கொண்டே ஆய்வாளரின் தகுதியையும் பதவியையும் முடிவுசெய்யும் முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்தது. இன்று அம்முறை நம் கல்லூரிகளின் வாயில்வரை வந்துவிட்டது. ஆதலின் அதன் பிறப்பையும் இயல்பையும் குறைகளையும் மாணவரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

வழக்குமன்றம் காட்டிய வழி

மேற்கோள் அடைவின் முன்னோடி அறிவியல் துறையில் தோன்றவில்லை, சட்டத்துறையில் தோன்றியது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1873ஆம் ஆண்டு ஃபிராங்க் ஷெப்பர்டு என்பார் ஓர் அடைவினைத் தொடங்கினார். ஒரு தீர்ப்பினைப் பிற்காலத் தீர்ப்புகள் ஏற்றனவா, மாற்றினவா, தள்ளினவா என்பதை அவ்வடைவு காட்டிற்று. தள்ளப்பட்ட தீர்ப்பை அறியாது எடுத்துரைக்கும் வழக்கறிஞர் மன்றத்தில் நாணமுறுவார் அல்லவா? அவரைக் காத்த அடைவு இது.

இம்முறையை அறிவியல் இதழ்களுக்கும் கொண்டுவரலாம் எனக் கண்டவர் யூஜின் கார்ஃபீல்டு (1925-2017). 1955ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் இக்கருத்தை அவர் விளக்கினார். ஒரு கட்டுரையின் துணைநூற்பட்டியல் பின்னோக்கியே பார்க்கும். அக்கட்டுரைக்கு முன் எழுதப்பட்டவற்றை மட்டுமே அது சொல்லும். மேற்கோள் அடைவோ முன்னோக்கிப் பார்க்கும். அக்கட்டுரை வெளிவந்தபின் அதனை எடுத்தாண்டவர் யாவர், கருத்தை வளர்த்தவர் யாவர், பிழை கண்டவர் யாவர் என்பனவற்றை அது தொகுத்தளிக்கும். ஃபிலடெல்ஃபியா நகரில் அவர் நடத்திய நிறுவனம் 1960இல் ‘அறிவியல் தகவல் நிறுவனம்’ என்னும் பொருளுடைய பெயரைப் பெற்றது. 1964இல் அந்நிறுவனம் ‘சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ்’ என்னும் அடைவினை வெளியிட்டது. முதல் தொகுப்பில் இடம்பெற்றவை 613 இதழ்களே. இலக்கியம் தேடுவோர்க்கு ஒரு கருவியாகவே இது படைக்கப்பட்டது. ஆளை எடைபோடுதல் இதன் முதல் நோக்கமன்று என்பது ஈண்டு நினைவில் கொள்ளத்தக்கது.

நூலுலகை எண்ணால் அளக்கும் சிந்தனையில் நம்மவர்க்கும் பங்குண்டு. சீர்காழியில் பிறந்து, 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர். அரங்கநாதன், 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிகழ்ந்த நூலகர் மாநாட்டில் ‘லைப்ரமெட்ரி’ என்னும் துறையின் தேவையை எடுத்துரைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் கல்லூரியில் பணியாற்றிய டெரிக் டி சோலா பிரைஸ், இராயல் சொசைட்டி இதழின் பழந்தொகுதிகளைக் கால வரிசையில் சுவரோரம் அடுக்கிவைத்தார். அடுக்குகளின் உயரம் ஆண்டுக்காண்டு மடங்கு மடங்காக ஏறக் கண்டு, அறிவியல் வளர்ச்சிக்கும் ஒரு கணக்குண்டு எனத் தெளிந்தார்.

இதழுக்கோர் எண், ஆளுக்கோர் எண்

தம் அடைவில் எவ்விதழ்களைச் சேர்ப்பது என்று தெரிவுசெய்யக் கார்ஃபீல்டும் இர்விங் ஷெர் என்பாரும் வகுத்ததே ‘தாக்கக் காரணி’. ஓர் இதழ் 2021இல் 40 கட்டுரைகளும் 2022இல் 60 கட்டுரைகளும் வெளியிட்டதாகக் கொள்வோம். அந்நூறு கட்டுரைகளும் 2023ஆம் ஆண்டில் 150 முறை மேற்கோளாக ஆளப்பட்டிருப்பின், அவ்வாண்டிற்கான அதன் தாக்கக் காரணி 1.5 ஆகும். இது சராசரி மட்டுமே. சராசரி எத்துணை ஏமாற்றும் என்பதற்கு ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா’ இதழின் ‘ஏ’ பிரிவு நல்ல சான்று. 2008இல் 2.051ஆக இருந்த அதன் காரணி, அடுத்த ஆண்டே 49.926ஆக உயர்ந்தது. ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008இல் எழுதிய ஒரே கட்டுரை ஆயிரக்கணக்கில் மேற்கோளாக ஆளப்பட்டதே காரணம். படிகவியலார் அனைவரும் பயன்படுத்தும் கணினி நிரல்தொகுதியைப் பற்றிய கட்டுரை அது. அவ்விதழில் எழுதிய ஏனையோரின் ஆய்வு ஓராண்டில் இருபத்துநான்கு மடங்கு சிறந்துவிடவில்லை. ஈராண்டு எல்லை கடந்ததும், 2011இல் காரணி மீண்டும் இரண்டளவிற்கு இறங்கிற்று. இதழின் எண்ணைக் கொண்டு கட்டுரையாளரை மதிப்பிடலாகாது என 2012இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர் குழு அறிக்கை வகுத்ததன் நியாயம் இங்கே புலனாகும்.

தனி ஆய்வாளர்க்கென அமைந்த அளவுகோலை 2005ஆம் ஆண்டு ஜார்ஜ் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் முன்மொழிந்தார். ‘எச் குறியெண்’ என அது வழங்குகிறது. ஒருவருடைய ஆறு கட்டுரைகள் முறையே 25, 12, 7, 5, 3, 1 மேற்கோள்கள் பெற்றுள்ளன என்க. நான்கு கட்டுரைகள் நான்கிற்குக் குறையாத மேற்கோள் பெற்றுள்ளன. ஐந்து கட்டுரைகள் ஐந்திற்குக் குறையாது பெறவில்லை. ஆகவே அவர் குறியெண் 4. மற்றொருவர் எழுதியவை மூன்றே. அவை முறையே 300, 2, 1 மேற்கோள்கள் பெற்றன. அவர் குறியெண் 2 மட்டுமே! ஒரு பெருநூல் எழுதிய பேரறிஞர், பல சிறு கட்டுரைகள் எழுதியவரினும் தாழ்ந்தவராகக் காட்சியளிக்கும் விந்தை இது. துறைக்குத் துறையும் இவ்வெண் வேறுபடும். ஹிர்ஷின் கட்டுரையிலேயே இயற்பியலாளர் எட்வர்டு விட்டனின் குறியெண் 110 என்றும், உயிரியலாளர் சாலமன் ஸ்னைடரின் குறியெண் 191 என்றும் காணப்படுகின்றன. இதனால் விட்டனினும் ஸ்னைடர் சிறந்தவர் என எவரும் முடிவுகட்டார்.

எந்தத் தராசில் நிறுப்பது?

இன்று மூன்று தரவுத்தளங்கள் பெருவழக்கில் உள்ளன. கார்ஃபீல்டின் அடைவே வளர்ந்து ‘வெப் ஆஃப் சயின்ஸ்’ ஆயிற்று. 2016 முதல் ‘கிளாரிவேட்’ என்னும் நிறுவனத்திடம் உள்ளது. எல்சவியர் நிறுவனத்தின் ‘ஸ்கோப்பஸ்’, ‘கூகுள் ஸ்காலர்’ ஆகிய இரண்டும் 2004இல் தோன்றின. முதலிரண்டும் தெரிவுசெய்த இதழ்களையே சேர்ப்பன. கட்டணம் செலுத்தினாலன்றி முழுமையாகத் திறவா. மூன்றாவது இலவசம், இணையத்தில் கிடைக்கும் நூல், ஆய்வேடு, வரைவு அனைத்தையும் வாரிச் சேர்ப்பது. எனவே ஒரே ஆய்வாளர்க்கு மூன்று தளங்களில் மூன்று எண்கள் அமையும்; பெரும்பாலும் கூகுளின் எண்ணே மிகுதியாயிருக்கும். அவ்வெண்ணைப் பெருக்கிக் காட்டுவதும் எளிது. ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர் 2012இல் இதனைச் சோதித்தே காட்டினர். இல்லாத ஆசிரியர் ஒருவர் பெயரில் ஆறு போலிக் கட்டுரைகளை இணையத்தில் ஏற்ற, அவற்றால் 129 கட்டுரைகளுக்கு 774 மேற்கோள்கள் கூடின. ஒருவர் தம் எண்ணைக் கூறுங்கால், எத்தளத்தில், எந்நாளில் கண்டது என்பதையும் உடன் கூறுதலே முறை.

இனி, மேற்கோள் என்றாலே பாராட்டு என்று பொருளில்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்து, 2010இல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை மறுப்பதற்காகவே பலரால் சுட்டப்பட்டது. எண்ணும் பொறிக்கோ ஏற்பும் மறுப்பும் ஒன்றே. ஷெப்பர்டின் பழைய அடைவு காட்டிய அவ்வேறுபாட்டை, அதன்வழி வந்த அறிவியல் அடைவு கைவிட்டது வியப்பிற்குரியது. மேலும், மிகுதியாக மேற்கோளாவன பெரும்பாலும் செய்முறைக் கட்டுரைகளே. புரதத்தை அளக்கும் முறை பற்றி ஆலிவர் லௌரி முதலியோர் 1951இல் எழுதிய கட்டுரை மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட மேற்கோள்களுடன் முதலிடம் பெற்றதாக ‘நேச்சர்’ இதழ் 2014இல் வெளியிட்ட பட்டியல் காட்டுகிறது. மரபணுவின் இரட்டைச் சுருள் வடிவை வெளிப்படுத்திய 1953ஆம் ஆண்டுக் கட்டுரை அப்பட்டியலின் முதல் நூற்றில் இல்லை!

தமிழாய்வின் நிலை

தமிழாய்வாளர்க்கு இவ்வளவுகோல் பெரிதும் பொருந்தாது. நம் ஆய்வின் பெரும்பகுதி நூல்களிலும் கருத்தரங்கத் தொகுப்புகளிலும் பதிப்புரைகளிலும் உள்ளது. இத்தளங்களோ பெரும்பான்மையும் ஆங்கில இதழ்களைத் தழுவியவை. கலை, மானிடவியல் துறைகளுக்கென 1978இல் தனி அடைவு தோன்றிய பின்னும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பத்தாண்டு உழைத்துப் பதிப்பித்த ஒருவரின் பணி அத்தளங்களில் சுழியாகவே தோன்றக்கூடும். 2016 முதல் வெளியிடப்பெறும் தேசிய நிறுவனத் தரவரிசை, ஆய்வு வெளியீட்டிற்கு ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தரவுகளையே சார்ந்திருத்தலால், தமிழ்த்துறையின் உழைப்பு கல்லூரியின் கணக்கில் ஏறாமற் போகிறது. அறிவியல் துறைகளோடு ஒப்பிட்டுத் தமிழ்த்துறையைக் குறைகூறும் ஆட்சிக்குழுவினர் இவ்வுண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உள்ளூர் மொழியிலும் களத்திலும் நிகழும் ஆய்வின் சிறப்பைக் காத்தல் வேண்டும் என்பது, 2015இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த லைடன் அறிக்கையின் பத்து நெறிகளுள் ஒன்று.

பெயர்ச்சிக்கலும் நமக்கே உரிய இடர். தளங்கள் குடும்பப்பெயரைத் தேடுகின்றன. நமக்கோ தலைப்பெழுத்தும் இயற்பெயருமே வழக்கு. எஸ். முகமது அலி எனப் பெயர் கொண்டவர் ஓரிடத்தில் ‘அலி, எஸ்.எம்.’ என்றும், மற்றோரிடத்தில் ‘முகமது அலி, எஸ்.’ என்றும் பதிவாவார். ஒருவர் இருவராகப் பிரிவதும், ஒரே பெயருடைய பலர் ஒருவராகக் கலப்பதும் நாள்தோறும் நிகழ்வன. இதனைத் தவிர்க்க 2012 முதல் ‘ஆர்சிட்’ என்னும் பதினாறு இலக்க அடையாள எண் இலவசமாக வழங்கப்படுகிறது. முனைவர் பட்ட ஆய்வில் சேரும் மாணவர் முதற்கட்டுரையை அனுப்புமுன்பே இவ்வெண்ணைப் பெற்று, தம் பெயரை எழுதும் முறை ஒன்றனை வரையறுத்து, அதனையே எல்லா இடத்தும் கையாளுவாராக. திருமணம், பட்டம், ஊர்ப்பெயர்ச் சேர்க்கை ஆகியவற்றால் பிற்காலத்தில் பெயர் மாறினும் எண் மாறாது.