மூன்று பயிற்றுவிப்பாளர்கள், ஒரே எட்டாம் இடம்

2018 மார்ச் 17ஆம் திகதி பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் சென்னையின் எஃப்.சி. கழகம், பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என வென்று இந்தியன் சுப்பர் லீக் கிண்ணத்தை இரண்டாவது தடவையாகக் கைப்பற்றியது. இங்கிலாந்திலிருந்து வந்திருந்த பயிற்றுவிப்பாளர் ஜோன் கிரகரிக்கு அதுவே சென்னையில் முதல் பருவம். அடுத்த பருவத்தில் அதே கழகம் 18 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று, 9 புள்ளிகளோடு பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது. ஆனாலும் நிர்வாகம் கிரகரியை விடவில்லை. 2019 ஒக்டோபரில் அடுத்த பருவம் தொடங்கியது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது 5 புள்ளிகள். நவம்பர் கடைசியில் கிரகரி விலகினார். இந்தக் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். முழுப் பருவத்தில் ஆட்டத்துக்கு அரைப் புள்ளி எடுத்தவரை வைத்துக்கொண்ட கழகம், ஆட்டத்துக்கு முக்கால் புள்ளிக்கும் மேலாக எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவரைப் பிரிந்தது.

புள்ளிக் கணக்கால் மட்டும் இந்த முடிவை விளக்க முடியாது என்பது வெளிப்படை. தீர்ந்துபோனது பொறுமை. பொறுமையை அளக்க அந்தக் கழகத்திடம் முன்கூட்டியே வகுத்த அளவுகோல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. 'இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்பவரும் 'ஆளை மாற்று' என்பவரும் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் மோதிக்கொள்கிறார்கள். எதற்காகப் பொறுக்கிறோம், எது நடந்தால் பொறுமை பலித்ததாகக் கொள்வோம் என்று மட்டும் இரு தரப்பும் சொல்வதில்லை. சரிந்துகொண்டிருக்கும் ஒரு கழகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சரிவில் பயிற்றுவிப்பாளரின் பங்கு எவ்வளவு என்பதுதான் என நினைக்கிறேன். அந்தப் பங்கைப் பிரித்தெடுக்காதவரை பொறுமையும் அவசரமும் ஒன்றுதான், இரண்டுமே குருட்டுத்தனமானவை.

கிரகரியின் இரண்டாம் பருவத்தையே எடுத்துக்கொள்வோம். சம்பியன் அணியின் தலைவராக இருந்த போர்த்துக்கல் தடுப்பாளர் என்ரிக் செரெனோ போய்விட்டார். நடுக்களத்தைத் தாங்கிய சென்னைப் பையன் தனபால் கணேஷ் காயத்தால் வெளியே இருந்தார். இவை பயிற்றுவிப்பாளர் செய்த வினைகள் அல்ல. ஆனால் போனவர்களுக்கு ஈடாக யாரை எடுப்பது, முதுகெலும்பு போன அணியை எந்த அமைப்பில் ஆட வைப்பது என்பவற்றில் அவருக்கும் பங்கு உண்டு. அந்தப் பருவத்தின் வாலில் வேறு சில அறிகுறிகளும் தெரிந்தன. 2019 மார்ச்சில் ஏ.எஃப்.சி. கிண்ணத் தகுதிகாண் சுற்றில் நமது கொழும்பு எஃப்.சி.யை இதே அணிதான் சந்தித்தது. கொழும்பில் 0-0, அகமதாபாத்தில் 1-0 என்று தாண்டிப் போனது. ஏப்ரலில் சுப்பர் கிண்ண இறுதியாட்டம்வரை சென்று கோவாவிடம் 2-1 எனத் தோற்றது. லீக்கில் கடைசி, ஆனால் நொக்அவுட்டில் இறுதியாட்டம். பொறுத்துப் பார்க்கலாம் என்றவர்களுக்கு இது போதுமான சாட்சியாக இருந்திருக்கும். நான்கைந்து ஆட்டங்களின் சாட்சி அது என்பதுதான் குறை.

கால்பந்தாட்டத்தில் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டோ மூன்றோ கோல்கள்தான் விழுகின்றன. கிரிக்கெட்டில் முந்நூறு பந்துகளில் திறமை தன்னை மெல்ல நிறுவிக்கொள்ளும். இங்கே கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்தும், நடுவர் பார்க்காத ஒரு கைபடலும் மூன்று புள்ளிகளைப் புரட்டிவிடும். பருவம் குறுகக் குறுக அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். பெரிய ஐரோப்பிய லீக்குகள் பலவற்றில் 38 ஆட்டங்கள் என்றால் இந்தியாவில் தொடக்க ஆண்டுகளில் 14, பிறகு 18. 2015இல் மார்க்கோ மட்டெராஸியின் கீழ் அட்டவணையின் அடியில் கிடந்த இதே சென்னை அணி, லீக்கின் கடைசி நான்கு ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. டிசம்பர் வெள்ளத்தால் சொந்த மைதானத்தை இழந்து புனேயில் ஆடி கொல்கத்தாவை வென்றது. கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் கடைசி நிமிடங்கள்வரை 2-1 எனப் பின்தங்கியிருந்து, எதிரணிக் கோல்காப்பாளரின் சொந்தக் கோலாலும் மென்டோசாவின் கோலாலும் 3-2 என்று கிண்ணத்தைத் தட்டிப் பறித்தது. அந்தச் சில நிமிடங்கள் வேறு மாதிரிப் போயிருந்தால் மட்டெராஸியைப் பற்றிய பேச்சும் வேறாக இருந்திருக்கும். மறு ஆண்டு எட்டு அணிகளில் ஏழாவதாக வந்து அவரும் விடைபெற்றார்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். கிரகரி போனதும் நடந்தது என்ன? 2019 டிசம்பரில் ஸ்கொட்லாந்தில் பிறந்த ஓவன் கொய்ல் வந்தார். மீதி 12 லீக் ஆட்டங்களில் 24 புள்ளிகள். அணி நான்காம் இடத்துக்கு ஏறியது. அரையிறுதியில் கோவாவை இரு ஆட்டங்களையும் கூட்டி 6-5 என வென்றது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவால் பார்வையாளர்களே இல்லாத ஃபத்தோர்தா மைதானத்தில் ஏ.டி.கே.யிடம் 3-1 எனத் தோற்று இரண்டாம் இடம் பெற்றது. ஆளை மாற்றினால் பலன் உண்டு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? உண்மைதான், இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 15 கோல்கள் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய லித்துவேனியர் வால்ஸ்கிஸும், பந்தை ஊட்டிய பிரேசில்காரர் கிரிவெல்லாரோவும் கிரகரி காலத்திலேயே வந்து சேர்ந்தவர்கள். புதிய வீரர்கள் ஒருவரையொருவர் அறிந்து ஆடச் சில வாரங்கள் பிடிக்கும். அந்த வாரங்களின் செலவு கிரகரி கணக்கிலும், வரவு கொய்ல் கணக்கிலும் எழுதப்பட்டன. அதற்காகக் கொய்லின் கைவண்ணத்தைக் குறைத்துப் பேச முடியாது. 2021-22இல் ஜம்ஷெட்பூரை லீக் கேடய வெற்றிக்கு அழைத்துச் சென்றவர் அவர்.

புதுப் பயிற்றுவிப்பாளரால் வரும் மீட்சி எவ்வளவு, தானாகவே வந்திருக்கக்கூடிய மீட்சி எவ்வளவு என்பதை ஒரு கழகத்தின் கதையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல், அந்நாட்டு முதல்தர லீக்கில் 1986 முதல் 2004 வரையிலான பருவங்களை ஆராய்ந்தார். சரிவில் பயிற்றுவிப்பாளரை நீக்கிய கழகங்களையும், அதேபோன்ற சரிவில் நீக்காமல் வைத்துக்கொண்ட கழகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு வகையும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் மீண்டிருந்தன. காரணம் எளிது. அணியின் இயல்பான தரத்துக்கும் கீழே விழுந்த நேரத்தில்தான் பயிற்றுவிப்பாளர்கள் நீக்கப்படுகிறார்கள். அங்கிருந்து போவதற்கு மேல்நோக்கிய வழிதான் அதிகம். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது கட்டிய தாயத்துக்குக் குணமான பெருமை சேர்வதுபோல்தான் இதுவும்.

சென்னையின் அடுத்த மூன்று பருவங்கள், யாரும் திட்டமிடாமலே நடந்த ஒரு பரிசோதனை. கொய்ல் போனார், வால்ஸ்கிஸும் அவர் பின்னால் ஜம்ஷெட்பூர் போனார். 2020-21இல் சபா லாஸ்லோ வந்தார், கிரிவெல்லாரோ பருவ நடுவில் காயமடைந்தார், 20 ஆட்டங்களில் 17 கோல்கள், 11 சமநிலைகள், எட்டாம் இடம். 2021-22இல் பொஸிடார் பண்டோவிச்; கோவாவிடம் 5-0 எனத் தோற்றதும் பருவம் முடியுமுன்பே அவர் நீக்கப்பட்டு, தமிழ்நாட்டின் முன்னாள் இந்திய வீரர் சபீர் பாஷா பொறுப்பேற்றார்; மறுபடி எட்டாம் இடம், புள்ளிகளும் முந்தைய ஆண்டைப் போலவே 20. 2022-23இல் தோமஸ் பிர்தாரிச். 27 புள்ளிகள், ஆனாலும் எட்டாம் இடம். மூன்று பேரும் மூன்று விதமாக ஆட வைத்தவர்கள். அட்டவணைக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பிறகு 2023இல் கொய்லையே திரும்ப அழைத்தார்கள். முதலாண்டில் ஆறாவதாக வந்து பிளேஓஃப் தொட்ட அவர், 2024-25இல் 13 அணிகளில் 11ஆவதாக முடித்தார். ஒரே மனிதர், ஒரே கழகம். ஒருமுறை இறுதியாட்டம், மறுமுறை பதினோராம் இடம். இடையில் மாறியது வீரர் பட்டியலும், சுற்றியிருந்த கழகங்கள் வீரர்களுக்குச் செலவிடத் தொடங்கிய பணமும்.

அப்படியானால் பயிற்றுவிப்பாளரை நீக்கவே கூடாதா என்று கேட்கலாம். அது என் வாதம் அல்ல. பொறுமைக்குச் சாட்சியாக எப்போதும் அலெக்ஸ் ஃபெர்குசனைக் கூப்பிடுகிறார்கள்: 1986 நவம்பரில் மன்செஸ்டர் யுனைடெட் வந்தவர், 1990இல் லீக்கில் 13ஆவதாக முடித்தும் நீடித்தார், அதே ஆண்டு எஃப்.ஏ. கிண்ணம் வென்றார், பிறகு நடந்தது சரித்திரம். இந்தச் சாட்சி எனக்குத் திருப்தியில்லை. நான்கு ஆண்டு பொறுத்தும் ஒன்றுமே விளையாத பயிற்றுவிப்பாளர்களின் பெயரை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. எதிர்ப்பக்கத்தில் லெஸ்டர் சிட்டி இருக்கிறது. 2016இல் அதிசயமாக லீக்கை வென்று கொடுத்த க்ளோடியோ ரனியேரியை, ஒன்பதே மாதத்தில், 2017 பெப்ரவரியில் நீக்கியது. நன்றிகெட்ட செயல் என்று உலகமே ஏசியது. அணி தப்பிப் பிழைத்து 12ஆவதாக வந்தது. ஆனால் லெஸ்டரின் அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கீழே இறங்கினால் தொலைக்காட்சி வருமானத்தில் பெரும்பகுதி போய்விடும். இந்தியன் சுப்பர் லீக்கிலோ முதல் பத்தாண்டில் எந்தக் கழகமும் தரமிறக்கப்படவில்லை. கடைசியாக வந்தாலும் அடுத்த ஆண்டு அதே லீக்தான். பொறுமைக்கு மலிவான இடமாக அது இருந்தது. அங்கேயும் பெப்ரவரியில் பண்டோவிச்சை மாற்றினார்கள் என்றால், அந்த மாற்றம் புள்ளிகளுக்காகச் செய்யப்பட்டதா, கோபத்துக்கு வடிகாலாகச் செய்யப்பட்டதா என்று கேட்கத் தோன்றுகிறது.

ரசிகருக்குக் கோபப்பட உரிமை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். டிக்கெட் வாங்கி, வேலை நாள் இரவில் சென்னை நேரு விளையாட்டரங்குக்கு வந்து தொண்டை கிழியக் கத்துபவர், பொருளியல் ஆய்வை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்க வேண்டியதில்லை. பொறுமை காட்ட வேண்டிய கடமை நிர்வாகத்துடையது. ஆனால் ரசிகரின் கோபம் பயிற்றுவிப்பாளரோடு நின்றுபோனால் அதில் அதிகம் மகிழ்பவர் உரிமையாளர்தான். ஒருவரை அனுப்பிவிட்டால் வீரர் தெரிவு, சம்பளம், பயிற்சி மைதானம், இளையோர் அணி பற்றிய கேள்விகள் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப் போகின்றன.

நம் நாட்டு ரசிகருக்கு இது தூரத்துக் கதை அல்ல. இலங்கைத் தேசிய அணிக்கு 2020இல் அமீர் அலாகிச், பின்னர் அண்டி மொரிசன், 2024இல் குவைத்தின் அப்துல்லா அல்முதைரி என வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர்கள் வந்தார்கள். இடையில் 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை, சம்மேளன நிர்வாகத்தில் வெளியார் தலையிட்டதாக ஃபிஃபா நம்மைத் தடை செய்திருந்தது. ஆட்டமே இல்லாத மாதங்களில் எந்தப் பயிற்றுவிப்பாளரைக் குறை சொல்வது? 2024 செப்டம்பரில் கம்போடியாவை பெனால்டி உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் இறுதிக் கட்டத்துக்குள் இலங்கை நுழைந்தபோது அல்முதைரியைப் புகழ்ந்தோம். புகழ வேண்டியதுதான். ஆனால் ஜெர்மனியில் வளர்ந்த க்ளோடியோ கமர்க்னெக்ட், அவுஸ்திரேலியாவின் வேட் டெக்கர், லண்டனின் டிலன் டி சில்வா போன்று இலங்கை வேரோடு வெளிநாடுகளில் வளர்ந்த வீரர்களைத் தேடிச் சேர்த்ததும் இந்த ஆண்டுகளில்தான். களத்தில் ஆடுபவர்கள் மாறியபோது முடிவும் மாறியது.

கொய்ல் சென்னையை விட்டு 2025இல் கிளம்பினார். கோவாவின் கிளிஃபர்ட் மிராண்டா அந்த இடத்துக்கு வந்தார். அதே ஆண்டு லீக்கின் வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுபட, பருவம் தொடங்குமா என்பதே தெரியாமல் கழகங்கள் திண்டாடின. முதல்தர அணியின் நடவடிக்கைகளை நிறுத்திவைத்தவற்றுள் சென்னையின் எஃப்.சி.யும் ஒன்று. மிராண்டாவை எத்தனை ஆட்டங்கள் பொறுக்கலாம் என்ற விவாதம் தொடங்குவதற்கே முதலில் ஆட்டங்கள் வேண்டியிருந்தன.